அரை மாத்திரை

மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று
மின்வாரியம் அம்மாப்பேட்டையை அணைத்துவைக்கும்.
அந்த வியாழனுக்காக மூன்று வாரம் காத்திருந்தோம்.
காதைச் சோதிக்க அமைதி வேண்டும்.
இந்தத் தெருவில் அது
ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரைதான் கிடைக்கும்.

தறிகள் நின்றதும்
காக்கை இவ்வளவு சத்தமாகவா கத்தும் என்று
தெருவே நிமிர்ந்து பார்த்தது.
தங்காயி பார்க்கவில்லை.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள்.
பதினேழாவது,
வலி மாத்திரை வாரத்துக்கு எத்தனை நாள்?
கட்டங்களைப் பார்த்துச் சிரித்தாள்.
"நாள்கணக்கெல்லாம் தெரியாது கண்ணு.
ஒரு பாவு ஓடி முடிய ஒரு அட்டை."
பாவு ஓட எத்தனை நாளென்று
தறிக்காரரிடம் கேட்டு, வகுத்து,
கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன்.

தோள்பட்டைக்கு ஒன்று, தலைபாரத்துக்கு ஒன்று,
போனஸ் பேச்சு இழுக்கும் நாள்களில்
எதற்கென்றே தெரியாமல் ஒன்று.
முனைக்கடை மருந்துக்காரர் பெயர் கேட்பதில்லை.
இவள் தோளைத் தொட்டுக் காட்டினால்
இளஞ்சிவப்பில் எடுத்துவைப்பார்.
(என் பையிலும் அதே அட்டை. ஏழு மீதி.
என்னை யாரும் பதினேழாவது கேள்வி கேட்கவில்லை.)

ஏழாம் வகுப்பில் உருப்போட்டது:
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
க்-குக்குக் காய்ச்சலா, பாதி போட்டால் போதுமா என்று
எங்கள் பெஞ்சே வெளியில் நின்றது அன்று.

இப்போது வரைபடத்தில் பார்க்கிறேன்.
தாழ்ந்த ஒலிகளில் கோடு சமமாகப் போகிறது.
பிறகு ஏற்காட்டிலிருந்து இறங்குகிறது,
கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லாமல்.

உயிரெல்லாம் கேட்கிறது அவளுக்கு.
ஆ கேட்கிறது, ஓ கேட்கிறது.
நழுவுவது மெய்.
"பால் தீந்துபோச்சு" என்றாளாம் மருமகள்.
"யாருக்குக் கால் தேறிப்போச்சு?" என்றாளாம் இவள்.
வீடு சிரித்தது. இவளும் சிரித்தாள்.
எதற்கென்று கேட்கவில்லை.

மெய் வலிக்கு விழுங்கிய மாத்திரை
மெய்யெழுத்தைத் தின்றுவிட்டது.
இப்படி எழுதினால் அழகாக இருக்கும்.
எழுதக்கூடாது.
இருபத்தாறு வருஷத் தறியும்
அதே காதுக்குள்தான் ஓடியது.
தறி கொடுத்தது தலைவலி,
தலைவலி வாங்கியது மாத்திரை.
இதில் எதை உருவினால் எது அவிழும்?
வேறு தேசத்தில் செவிலியர்களைப்
பல வருஷம் விசாரித்து
இப்படியொரு தொடர்பைப் பார்த்திருக்கிறார்கள்.
கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.
அவர்கள் வார்டில் தறி இல்லை.
"தொடர்பு என்று எழுதுங்கள், காரணம் என்று எழுதாதீர்கள்"
என்பார் எங்கள் புள்ளியியல்காரர்,
டீயை ஆற்றிக்கொண்டே.

"அப்ப நிறுத்திப்போடட்டுமா?"
நாற்பத்திரண்டாவது கேள்வி. படிவத்தில் இல்லை.
டாக்டரைப் பாருங்கக்கா என்றேன்,
பயிற்சியில் சொல்லித்தந்தபடி.
"பெரியாஸ்பத்திரின்னா ஒருநாள் கூலி.
மாத்திரைய நிறுத்தினா கை தறிக்குப் போவாது.
கை போவலைன்னா..."
விரலைச் சொடுக்கிக் காட்டினாள்.
ஒரு மாத்திரை நேரம்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று.
சோதனையின்போது
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தேன்.
நான் எதையும் அனுப்பாத ஒரு இடைவெளியில்
அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.
பொய்ப் பதில் என்று குறிக்கத் தனிக் கட்டம் உண்டு.
குறித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி,
முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக,
என்னக்கா கேட்டுச்சு என்றேன்.

"தறிதான்" என்றாள்.
"கரண்டு வந்திருச்சா கண்ணு?"

மணி பதினொன்றரை.
மின்விசிறி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.
அவள் எழுந்து
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
வேலைக்குக் கிளம்பினாள்.